எந்தத் தோட்டம்?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ முன்பின் தெரியாத இரண்டு தமிழர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால், பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். "நீங்க எந்தத் தோட்டம்?" பதில் வந்ததும் மற்றவை தானாகத் தொடரும். பழைய லயமா, புது லயமா? ஆயாக்கொட்டகைப் பக்கமா? தண்டல் வீட்டுக்கு என்ன வேணும்? ஐந்தாவது கேள்விக்குள் ஒரு சித்தப்பாவோ சம்பந்தியோ கிடைத்துவிடுவார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். பல இடங்களில் செம்பனையும் போய்க் குடியிருப்புத் தாமான்கள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. புக்கிட் தாகார் என்றால் தாத்தா தலைமுறைக்குத் தோட்டம், பேரப்பிள்ளைகளுக்கு 2005 முதல் அங்கே இயங்கிவரும் குப்பை நிலம். லயங்கள் இடிக்கப்பட்டபோது வீடு போனதற்காக அழுதோம். யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற விவரமும் அன்றோடு போனதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

குடும்பத்தின் வேரைத் தேடுவது வசதியுள்ளவர்கள் ஓய்வு பெற்றபின் செய்கிற வேலை என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. தோட்டத்துக் குடும்பங்களுக்கு அந்த எண்ணம் ஆபத்தானது. பாட்டி எந்த ஆண்டு, எந்தத் தோட்டத்தில் பிறந்தார் என்று காட்ட முடியாமல், பேத்தி நிரந்தர வசிப்பாளருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு நிற்கிறாள். சில வீடுகளில் அட்டையே இல்லாமல் நிற்கிறாள். எங்கே போனார் என்று தெரியாத ஒரு சித்தப்பாவால், வீட்டு கிராண்ட் (நிலப்பட்டா) பெயர் மாற்ற முடியாமல் வருடக்கணக்கில் கிடக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: யார் யாருக்கு எப்படிச் சொந்தம் என்பதை ஆதாரத்தோடு எழுதி வைப்பது.

ஆயத்தமான பட்டியல் எதுவும் நமக்குக் கிடையாது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குக் கப்பல் வாரியாக ஆளுக்கொரு எண், தகப்பன் பெயர், ஊர் என்று பதிவேடு இருக்கிறது. மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகளை அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காத்துவருகிறது. மலாயாவுக்கு வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் கங்காணியின் பின்னால் வந்தவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வந்தவர்களின் பயணச் செலவை 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி ஏற்றது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். மலாயாவில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்ட் ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். அதில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். உங்கள் தாத்தாவின் பெயர் இருக்காது.

ஆனாலும் காலத்தைக் குறுக்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. 1938 ஜூனில் உதவிப் பயணத்தை இந்திய அரசு தடை செய்தது. இலவச டிக்கெட்டில் தோட்ட வேலைக்கு வந்தவர் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். வீட்டுக் கதையில் வரும் ஆண்டு அதற்குப் பொருந்தவில்லை என்றால், அவர் சொந்தக் காசில் வந்தாரா, உறவினர் அழைத்து வந்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் குடும்பத்தில் பலன் தந்த முறையைச் சொல்கிறேன். ஆவணத்தைத் தேடுவதற்கு முன்னால் லயத்தை வரைந்தோம். பெரியம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. "பேரு சொல்லுங்க" என்று கேட்டபோது நாலு பேரைத்தான் சொன்னார். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கோடு இழுத்து, "இது பைப்படி, இது மாரியம்மன் கோயில், உங்க வீடு எங்கே?" என்று கேட்டதும் விரல் நகர ஆரம்பித்துவிட்டது. முதல் வீடு, இரண்டாவது வீடு, யார் வீட்டில் மாடு, யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள், எந்த வீட்டு ஆளை ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனான் என்று அரை மணி நேரத்தில் பதினாறு வீடுகளைச் சொன்னார். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள், ஆனால் முன்கூட்டிச் சொல்லி அனுமதி வாங்கிச் செய்யுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். "அப்படியில்ல பெரியம்மா" என்று ஒருமுறை சொன்னால் மிச்சக் கதை வராது.

அதற்குப் பிறகு காகிதம். பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை (ஐசி), ஊழியர் சேமநிதி (ஈபிஎஃப்) புத்தகம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பத்திரிகை, கோயில் நன்கொடைப் பலகை, எல்லாமே சாட்சிதான். ராஜா மூசா, சிலாங்கூர் ரிவர் என்று தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. தோட்டமே இல்லாத இடத்திலும் பள்ளியில் பழைய பதிவேடு இருக்கக்கூடும், தலைமையாசிரியரைக் கேளுங்கள். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் உள்ளன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் தமிழ் முரசின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே தேடலாம். மரண அறிவித்தலையும் 'காணவில்லை' விளம்பரத்தையும் ஒதுக்காமல் படியுங்கள், சொந்தக்காரர் பெயர்கள் அங்கேதான் வரிசையாக வரும்.

பெயர் எழுதப்பட்ட விதம் பெரிய தலைவலி. முனியம்மா என்ற ஒரே பெண் பிறப்புப் பதிவில் ஒரு மாதிரி, ஐசியில் ஒரு மாதிரி, பிள்ளையின் பத்திரத்தில் இன்னொரு மாதிரி இருப்பார். அவர் சொன்னது தமிழ், எழுதிக்கொண்ட கிராணிக்கோ போலீஸ்காரருக்கோ காதில் விழுந்தது வேறு. இதைச் சாதாரணமாக விடக்கூடாது. 1957-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்த வழி தருகிறது. இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்து, பழைய ஆவணங்களை இணைத்துத் தேசியப் பதிவுத் துறையில் விண்ணப்பிக்கலாம். சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருக்கும்போதே செய்தால் பாதி வேலை குறையும்.

தோட்டத்தின் பெயரும் அப்படித்தான். துரை வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் அழைத்த பெயர் ஒன்று. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் நம் பெயரே பதிவுப் பெயராகவும் நின்றது. மலேசியாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நடப்பட்டது அங்கே, 1917-இல். அதற்குக் காரணமான பிரெஞ்சுத் துரை ஹென்ரி ஃபோக்கோனியே இந்த வட்டாரத்து வாழ்க்கையை நாவலாக எழுதி 1930-இல் பிரான்சின் கோன்கூர் விருதைப் பெற்றார். துரையின் பெயர் உலகத்துக்குத் தெரிகிறது. அதே மண்ணில் குழி வெட்டிக் கன்று நட்டவர்களின் பெயர்கள் தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் இருந்தன. தோட்டம் கைமாறிய ஒவ்வொரு முறையும் அந்தச் செக்ரோலைக் காக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லையே என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

தமிழ்நாட்டுப் பக்கம் தேடும்போது ஜில்லாப் பெயரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். தாத்தா சொன்ன திருச்சி ஜில்லாவிலிருந்து 1995-இல் பெரம்பலூரும் கரூரும் பிரிந்தன. சேலத்திலிருந்து 1997-இல் நாமக்கல் பிரிந்தது. வட ஆற்காடும் தென் ஆற்காடும் இன்று அந்தப் பெயர்களில் இல்லை. தாலுக்கா, கிராமம், குலதெய்வம் ஆகிய மூன்றில் குலதெய்வம்தான் உறுதியான முகவரி. ஊர் பெயர் மாறினாலும் அந்தக் கோயிலுக்கு ஆடியிலோ மாசியிலோ பங்காளிகள் வந்து சேருவார்கள். பூசாரிக்கு எல்லாரையும் தெரியும்.

உறவு அறுந்த காலங்கள் இரண்டு. ஒன்று 1942, 43: சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்களில் பெரும்பாலோருக்கு இறப்புப் பதிவே கிடையாது. மற்றொன்று 1969-ஐ ஒட்டிய காலம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், ஏறத்தாழ 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அண்ணன் குடிமகனுக்கான நீல ஐசியோடு இங்கே, தம்பி அட்டை இல்லாமல் துறையூரில் என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்தது. நம்மில் பலர் தேடும் 'இந்தியச் சொந்தம்' கப்பல் ஏறாதவர்கள் அல்ல, இங்கே பிறந்து வளர்ந்து திரும்பியவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு மலாய் வார்த்தைகள்கூடத் தெரிந்திருக்கும். திருச்சி, பெரம்பலூர்ப் பக்கம் 'மலேயாக்காரர் வீடு' எது என்று கேட்டுப் பாருங்கள்.

குடியுரிமைக்கு வருகிறேன். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் இறுதி வரை மலாயாவில் பிறந்தவர், இங்கே பிறந்த காரணத்தாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால், அவர் பிறந்த நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பாளராகவோ இருந்திருக்க வேண்டும். ஆகவே 1960-இல் லயத்தில் பிறந்த பாட்டியின் பிறப்புப் பதிவு கிடைத்தால், அது அவரோடு நிற்காமல் மகளுக்கும் பேத்திக்கும் பாயும். பதிவே செய்யாத பிறப்புக்குத் தாமதப் பதிவு உண்டு. மருத்துவச்சி, பள்ளிப் பதிவேடு, அக்கம்பக்கத்தார் சாட்சி தேவைப்படும். நாம் வரைந்த லயப் படம் அந்தச் சாட்சிகளைக் கண்டுபிடிக்கத்தான்.

திருமணம் அடுத்த ஓட்டை. 1982 மார்ச் 1-க்கு முன் வழக்கப்படி கோயிலில் நடந்த கல்யாணத்தைச் சட்டம் ஏற்கிறது. அதன் பிறகு பதிவு செய்யாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனின் குடியுரிமை போய்ச் சேராது, தாயின் நிலைதான் பிள்ளையின் நிலை. தாய்க்குக் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளையும் நடுத்தெருவில் நிற்கும். அரசமைப்புச் சட்டத்தின் 15A பிரிவில் விண்ணப்பிக்கலாம், ஆனால் வயது வரம்பு உண்டு. 21 ஆக இருந்ததை 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை நிறைவேற்றிய திருத்தம் 18 ஆகக் குறைக்கிறது. நிரந்தர வசிப்பாளரின் பிள்ளைகளுக்கு இருந்த வழியையும் அதே திருத்தம் மாற்றுகிறது. எனவே எந்த விதி உங்களுக்குப் பொருந்தும் என்று உடனே கேட்டுவிடுங்கள், "பிறகு பார்க்கலாம்" வேண்டாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் அரசின் சட்ட உதவித் துறையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன.

பணம், நிலம். ஈபிஎஃப் 1951 முதல் இருக்கிறது. இறந்தவரின் கணக்கை வாரிசு கேட்கலாம். யாரும் கேட்காத தொகை, உறுப்பினருக்கு 100 வயது என்ற கணக்கில் உரிமை கோரப்படாத பணத்தோடு சேர்க்கப்படும். அதை இகூமிஸ் என்ற அரசு இணையவாசலில் இலவசமாகத் தேடலாம். வாரிசுக்கு உரிமை காலாவதி ஆவதில்லை. 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்து வெள்ளி கட்டிய தாத்தாக்கள் ஏராளம். பெட்டியடியில் அந்தப் பங்குப் புத்தகம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். நிலம் உள்ள 50 லட்சம் ரிங்கிட் வரையிலான சொத்தை, நீதிமன்றம் போகாமல் நில அலுவலகத்தின் சிறுசொத்துப் பிரிவிலேயே பிரிக்கலாம். ஆனால் எல்லா வாரிசுகளையும் காட்டியாக வேண்டும். ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருத 1950-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவு இடம் தருகிறது. காணாமல் போன சித்தப்பாவுக்கு அதுவே வழி.

"உங்க தாத்தா பேர்ல இந்தியாவுல ஏக்கர் கணக்கா நிலம் இருக்கு, முன்பணம் கட்டுங்க" என்று அழைப்பு வந்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற மோசடித் தடுப்பு மையத்துக்கு அழையுங்கள். ஐசியின் இருபுறப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது, உறவினர் பரப்பியதைத் தடுக்க அது வராது. எச்சில் அனுப்பிச் செய்யும் டிஎன்ஏ சோதனையில், நீங்கள் ஒருவர் அனுப்பினாலும் உங்கள் தங்கையின் மரபணுவும் பாதி போகிறது. 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து. சயாமுக்குப் போன கணவன் திரும்பமாட்டான் என்று இன்னொருவரோடு வாழ்ந்த பாட்டி, எடுத்து வளர்த்த பிள்ளை, ஊரில் விட்டுவந்த முதல் மனைவி என்று தேடத் தேட வரும். உயிரோடு இருப்பவரைத் தொடும் உண்மையை அவருக்கு முதலில் தனியாகச் சொல்லுங்கள். எழுதுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு.

பெரியம்மாவின் படத்தில் ஏழாவது வீடு மட்டும் காலியாக இருக்கிறது. அங்கே ஒரு வண்டிக்காரர் இருந்தார், பெயர் வாயில் வரவில்லை என்றார். அந்த லயத்திலேயே பிறந்தவர் ஒருவர் ரவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு போகிறேன்.