அன்டெனாவை எங்கே வைப்பது?

"உசரத்தில வெச்சாச் சரிதானே?" என்றுதான் என்னிடம் பலரும் கேட்கிறார்கள். தொலைக்காட்சிக்குச் சரி. செய்மதியைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் 10 மெகாஹேர்ட்ஸ் மீடிறன் நியமத்துக்கு அது போதாது. மற்றக் கருவிகளையெல்லாம் இதை வைத்துத்தான் சரிபார்க்கிறோம். இது தடுமாறினால் எல்லாமே பிழைக்கும்.

ஒரு நனோசெக்கனில் ஒளி 30 சென்ரிமீற்றர்தான் போகும். பக்கத்துச் சுவரில் பட்டுத் தெறித்து 3 மீற்றர் சுற்றி வரும் சமிக்ஞை 10 நனோசெக்கன் பிந்துகிறது. செய்மதி நகர நகர இந்தக் கலப்படமும் மாறும். உள்ளே இருக்கிற பளிங்கு அதைத் தன் பிழையென்று நம்பித் தன்னை மாற்றிக்கொள்ளும். வயரின் நீளத்துக்குப் பயப்பட வேணாம். மீற்றருக்கு ஏறத்தாழ 5 நனோசெக்கன் பிந்தினாலும் அது மாறாத பிந்தல், மீடிறனைத் தொடாது.

தெறிப்பா, வெயிலா? பளிங்கைத் திருத்தும் வோல்ற்றளவைப் பத்து நாள் குறித்துப் பாருங்கள். ஏற்ற இறக்கம் தினமும் அதே நேரத்தில் வந்தால் பெரும்பாலும் வெயிலின் வேலை. நாளுக்கு 4 நிமிடம் முந்தி முந்தி வந்தால் தெறிப்பு. ஜீ.பி.எஸ். செய்மதிகள் வானத்தின் அதே இடத்துக்குத் திரும்ப 23 மணி 56 நிமிடம்தான் எடுக்கின்றன.

நம் நாட்டில் இன்னொரு வசதி: நேர் வடக்கே, அடிவானிலிருந்து 25 பாகைக்குள் அந்தச் செய்மதிகள் வருவதில்லை. என் சிலாப்பில் தண்ணீர்த் தாங்கி அன்டெனாவுக்கு வடக்கே, நன்றாகத் தள்ளி நிற்கிறது. மறைத்தாலும் நட்டமில்லை, ஆனால் தெறிக்கும். அதுக்குத்தான் அந்தத் தூரம்.

வயர் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மின்னல் தடுப்பானும் புவித்தொடுப்பும் கட்டாயம் வேணும்.