ஒரு டாலர் ஒப்பந்தம்

1970-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்திலுள்ள ஹூஸ்டன் நகரில் எடுக்கப்பட்ட புகைப்படம் ஒன்று டென்னிஸ் அபிமானிகளுக்கு நன்கு பரிச்சயமானது. இளம் பெண்கள் சிலர் நெருங்கி நின்றுகொண்டு, ஒற்றை டாலர் நோட்டுகளைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி சிரிக்கிறார்கள். அந்நாளைய செலாவணிக் கணக்கில் ஒரு டாலர் என்பது நம் நாணயத்தில் ஏழரை ரூபாய். விம்பிள்டன் பட்டத்தை மூன்று தடவை வென்ற ஒருவர் உள்பட, உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களாக எண்ணப்பட்ட பெண்கள் ஏழரை ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதைக் கொண்டாடிப் படமும் எடுத்துக்கொண்டார்கள் என்றால், விவரம் அறியாதவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் பெண்களுக்கான தொழில்முறை ஒற்றையர் டென்னிஸ் என்று இன்று வாரந்தோறும் ஏதாவது ஒரு நாட்டில் நடந்துகொண்டிருக்கிறதே, அது அத்தனையும் அந்த ஏழரை ரூபாயிலிருந்து கிளைத்ததுதான்.

இதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அதற்கு முந்திய காலத்து டென்னிஸின் ஆசாரங்களைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். 1968 வரையில் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் அமெச்சூர்கள், அதாவது பொழுதுபோக்காக ஆடுகிறவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஆட்டத்துக்குக் கூலி வாங்குகிறவன் தீட்டுப்பட்டவன். விளையாட்டின் புனிதத்தைக் காப்பதாக இந்த விதிக்கு வியாக்கியானம் சொல்லப்பட்டது. வீட்டில் சொத்துள்ளவர்களுக்கு அந்தப் புனிதத்தைக் காப்பதில் யாதொரு சிரமமும் இல்லை. மற்றவர்களுக்குப் பிரயாணச் செலவு என்ற வியாஜத்தில், போட்டி நடத்துகிறவர்கள் கையில் ரகசியமாக ஏதோ திணித்து அனுப்புவார்கள். நம் ஊரில் சங்கீத வித்துவானிடம் இன்ன தொகை என்று பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதி, தட்டில் வெற்றிலை பாக்கோடு எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்பதை வீட்டுக்குப் போய்த்தான் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று ஒரு சம்பிரதாயம் இருந்ததல்லவா, ஏறக்குறைய அதே கதைதான். தட்டில் வைப்பவரின் மனசைப் பொறுத்தது எல்லாம். கணக்குக் கேட்க வழியில்லை.

1968-இல் இந்தத் திரை விலகி, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கும் வாசல் திறந்தது. அவ்வருஷம் ஏப்ரலில் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் நடந்த முதலாவது பகிரங்கப் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்ற வர்ஜீனியா வேட், தம்முடைய அமெச்சூர் அந்தஸ்து கெட்டுவிடக்கூடாதே என்று 300 பவுன் பரிசை வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றால், பழைய ஆசாரம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பரிசுத்தொகை வெளிச்சத்துக்கு வந்த மாத்திரத்தில் இன்னொரு சங்கதியும் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஆண்டு விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையரில் வென்ற ராட் லேவருக்கு 2,000 பவுன். பெண்கள் ஒற்றையரில் வென்ற பில்லி ஜீன் கிங்குக்கு 750. இரண்டு வருஷம் கழித்து ரோமாபுரிப் போட்டியில் ஆண்கள் பட்டத்தை வென்ற இலியே நாஸ்டாசேக்கு 3,500 டாலர் கிடைத்தபோது, அதே போட்டியில் பெண்கள் பட்டத்தை வென்ற கிங் அம்மையாருக்குக் கிடைத்தது 600. ஜனங்கள் ஆண்களின் ஆட்டத்தைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள் என்பது நடத்துகிறவர்களின் வாதம். டிக்கெட் வாங்குகிறவனை நிறுத்தி வைத்து யாருக்காக வந்தாய் என்று அவர்கள் விசாரித்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

பில்லி ஜீன் கிங் கலிபோர்னியாவில் தீயணைப்புப் படையில் வேலை பார்த்தவரின் மகள். அண்டை அயலில் சில்லறை வேலைகள் செய்து காசு சேர்த்து, எட்டு டாலருக்கு முதல் மட்டையை வாங்கியவர். பதினொரு வயதில் லாஸ் ஏஞ்சலஸ் டென்னிஸ் கழகத்தில் சிறுமிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தபோது, டென்னிஸ் பாவாடைக்குப் பதிலாகத் தாயார் தைத்துக் கொடுத்த அரைக்கால் சட்டையை அணிந்திருந்தார் என்ற காரணத்தினால் அவரை வரிசையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவருடைய தோழி ரோஸி காசல்ஸ் எல் சால்வடார் நாட்டிலிருந்து குடியேறியவர்களின் மகள். பெரிய தாத்தா முறையான ஒருவர் எடுத்து வளர்த்து, சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பொது ஆடுகளங்களில் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். இத்தகையவர்களுக்குக் கூலி என்பது புனிதத்தைக் கெடுக்கும் வஸ்து அல்ல என்பதை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

1970 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடக்கவிருந்த பசிபிக் தென்மேற்குப் போட்டியின் பரிசு விவரம் வெளியானபோது பொறுமை எல்லை கடந்தது. ஆண்கள் ஒற்றையரில் வெல்பவருக்கு 12,500 டாலர். பெண்கள் ஒற்றையரில் வெல்பவருக்கு 1,500. அதிலும், காலிறுதிக்கு முன்னால் தோற்கிற பெண்ணுக்கு ஒரு காசு கிடையாது. பிரயாணச் செலவு அவள் தலையில். நடத்தியவர் ஜாக் கிரேமர், தாமே ஒரு காலத்தில் விம்பிள்டன் வென்றவர். நியூயார்க்கில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டி நடந்துகொண்டிருந்த சமயத்தில், கிங்கும் காசல்ஸும் கிளாடிஸ் ஹெல்ட்மன் அம்மையாரிடம் போய் முறையிட்டார்கள். அம்மையார் ‘வேர்ல்ட் டென்னிஸ்’ என்ற மாதப் பத்திரிகையின் ஸ்தாபகர், ஆசிரியர், விளம்பரம் சேகரிப்பவர் எல்லாம் அவரே. கிரேமரிடம் தூது போய்ப் பார்த்தார், பலிக்கவில்லை. பலிக்காததே நல்லதாயிற்று என்பது என் அபிப்பிராயம். அவர் ஆயிரம் இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்திருந்தால், பெண்கள் அதை வாங்கிக்கொண்டு இன்னும் பத்து வருஷம் அதே பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

லாஸ் ஏஞ்சலஸ் போட்டி நடக்கும் அதே வாரத்தில் அம்மையார் ஹூஸ்டன் நகரின் ராக்கெட் கிளப்பில் பெண்களுக்கென்று தனியாக ஒரு போட்டியை ஏற்பாடு செய்தார். பரிசு 5,000 டாலர். அவருடைய சிநேகிதர் ஜோசப் கல்மன், பிலிப் மாரிஸ் என்னும் பெரிய சிகரெட் கம்பெனியின் தலைவர். அவர் 2,500 சேர்த்துத் தந்ததனால் தொகை 7,500 ஆயிற்று. அதற்குப் பிரதியாக, பெண்கள் புகைப்பதற்கென்றே 1968-இல் அந்தக் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த வர்ஜீனியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட்டின் பெயர் போட்டிக்குச் சூட்டப்பட்டது. மூச்சை நம்பிப் பிழைக்கும் விளையாட்டுக்குப் புகையிலை வியாபாரி புரவலரானது விசித்திரந்தான். கோயில் திருப்பணிக்குச் சாராயக் குத்தகைக்காரரிடம் நன்கொடை வாங்குவது போன்ற தர்மசங்கடம் அது. இருந்தாலும் கையில் பணத்தோடு முன்வந்தவர் வேறொருவரும் இல்லை என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அமெரிக்க டென்னிஸ் சங்கம் போட்டிக்கு அனுமதி மறுத்தது. மீறி ஆடினால் ஆடுகிறவர்களுக்குத் தடை. இடம் கொடுத்த கிளப்புக்கும் ஆபத்து. இங்கேதான் ஹெல்ட்மன் அம்மையாரின் யுக்தி வேலை செய்தது. ஆட்டக்காரிகள் அனைவரையும் தம் பத்திரிகையின் ஒப்பந்தத் தொழில்முறை ஆட்டக்காரர்களாக அமர்த்திக்கொண்டுவிட்டால், அவர்கள் சங்கத்தின் அமெச்சூர் சட்டதிட்டங்களுக்கு வெளியே வந்துவிடுகிறார்கள் அல்லவா? ஒப்பந்தம் என்றால் பிரதிபலன் ஒன்று இருக்கவேண்டும் என்பது சட்டத்தின் பாலபாடம். அந்தப் பிரதிபலன் எவ்வளவு அற்பமானாலும் ஒப்பந்தம் ஒப்பந்தமே. ஆகவே தலைக்கு ஒரு டாலர்.

கையெழுத்திட்டவர்கள் ஒன்பது பேர். அமெரிக்கர்களில் கிங், காசல்ஸ் ஆகியோருடன் நான்ஸி ரிச்சி, பீச்சஸ் பார்ட்கோவிச், கிறிஸ்டி பிஜன், வலெரி ஸீகன்ஃபுஸ், பத்திரிகாசிரியையின் மகள் ஜூலி ஹெல்ட்மன். ஆஸ்திரேலியாவிலிருந்து ஜூடி டால்டன், கெர்ரி மெல்வில். அந்த வருஷம் நான்கு பெரும் போட்டிகளையும் வரிசையாக வென்று சிகரத்தில் நின்ற மார்கரெட் கோர்ட் இக்கூட்டத்தில் சேரவில்லை. வர்ஜீனியா வேடும் சேரவில்லை. சேர்ந்தவர்களுக்கு என்ன காத்திருந்தது என்பது அப்போது யாருக்கும் நிச்சயமில்லை. பிஜனுக்கு வயது இருபதுதான்.

ஜூலி ஹெல்ட்மனின் விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. காயம் காரணமாக அவரால் போட்டியில் ஆட முடியாத நிலைமை. ஆடாதவருக்குத் தண்டனையும் கிடையாது; பேசாமல் தாயாரின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கலாம். அவரோ, மற்றவர்களுக்கு விழும் தடை தமக்கும் விழட்டும் என்று, கிங் அம்மையாருக்கு எதிரே களத்தில் இறங்கி ஒரே ஒரு புள்ளி ஆடிவிட்டு விலகிக்கொண்டார். தண்டனையைக் கேட்டு வாங்கிக்கொள்வதற்காகவே ஆடப்பட்ட புள்ளி டென்னிஸில் வேறு உண்டோ என்னவோ.

போட்டியின் இறுதி ஆட்டத்தில் காசல்ஸ், ஜூடி டால்டனிடம் முதல் செட்டை 5-7 என்று இழந்து, அடுத்த இரண்டையும் 6-1, 7-5 என்று கைப்பற்றினார். ஐந்தடி இரண்டங்குல உயரமே உள்ள அவர் வலைக்கு அருகே பாய்ந்து ஆடுவதில் பேர் பெற்றவர். பரிசு 1,600 டாலர். சங்கம் சொன்னபடியே தடை விதித்தது. ஆஸ்திரேலியர்கள் இருவரும் சொந்த நாட்டிலும் ஒதுக்கப்பட்டார்கள். ஆனால் தடை விதித்தவர்களின் கைக்கு எட்டாத தூரத்துக்குக் காரியம் போய்விட்டிருந்தது. அடுத்த ஆண்டே பத்தொன்பது போட்டிகள், மூன்று லட்சம் டாலருக்கு மேல் பரிசு என்று வர்ஜீனியா ஸ்லிம்ஸ் சுற்றுப்பயணம் தொடங்கியது. ஊருக்கு ஊர் தாங்களே துண்டுப் பிரசுரம் கொடுத்து, உள்ளூர் வானொலியில் பேசி, டிக்கெட் விற்று, பிறகு மாலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு களத்துக்குப் போகும் வாழ்க்கை. நாடகக் கம்பெனிகள் நம் ஜில்லாக்களைச் சுற்றிய காலத்தை இது எனக்கு நினைவூட்டுகிறது. உடைக்குக்கூட டெட் டின்லிங் என்ற பிரசித்தி பெற்ற தையல் கலைஞர் வாய்த்தார். அந்த வருஷ முடிவில் கிங் அம்மையாரின் பரிசு வருமானம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. விளையாட்டில் எந்தப் பெண்ணும் அதுவரை ஒரே வருஷத்தில் எட்டாத தொகை அது. ஜனாதிபதி நிக்ஸன் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார்.

1973 ஜூன் மாதம், விம்பிள்டன் தொடங்குவதற்குச் சில தினங்கள் முன்பு, லண்டன் கிளாஸ்டர் ஹோட்டலில் ஆட்டக்காரிகள் கூடினார்கள். நெதர்லாந்துக்காரரும் நல்ல உயரமுடையவருமான பெட்டி ஸ்டோவேயைக் கதவண்டை நிறுத்தி, முடிவு ஏற்படும்வரை ஒருவரையும் வெளியே விடாதே என்று சொல்லிவிட்டு, கிங் அம்மையார் பெண்கள் டென்னிஸ் சங்கத்தை அமைத்து முடித்தார். அந்த ஆண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் ஆண், பெண் இருவருக்கும் முதன்முறையாகச் சமமான பரிசு, 25,000 டாலர். அதை வாங்கிக்கொண்ட பெண் யார் தெரியுமா? ஹூஸ்டனில் கையெழுத்திடாத அதே மார்கரெட் கோர்ட்! போராடியவர் ஒருவர், அறுவடை செய்தவர் இன்னொருவர் என்று குறை சொல்ல மனம் வரவில்லை. சமம் என்றால் அவருக்கும் சமம்தானே. விம்பிள்டன் அதே நிலைக்கு வர 2007 வரை, இன்னும் முப்பத்து நான்கு வருஷம் எடுத்துக்கொண்டது.

இன்றைய ஏற்பாட்டில் பெண்கள் சங்கத்தின் போட்டிகளுக்கு 250, 500, 1000 என்று தரம் பிரித்திருக்கிறார்கள். பட்டம் வென்றவருக்குத் தரவரிசையில் எத்தனை புள்ளி சேரும் என்பதே அந்த எண். 250 தரத்துப் போட்டியில் பெரும்பாலும் முப்பத்திரண்டு பேர். ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றால் பட்டம். அத்தகைய போட்டி ஒன்று 2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் மைதானத்தில், சுமார் இரண்டரை லட்சம் டாலர் மொத்தப் பரிசுடன் நடந்தது. செக் நாட்டைச் சேர்ந்த பதினேழு வயது லிண்டா ஃப்ருவிர்டோவா, போலந்தின் மாக்டா லினெட்டை மூன்று செட்டுகளில் வென்று தம் முதல் பட்டத்தை அங்கே பெற்றார். 2025-இல் மீண்டும் நடந்தபோது வென்றவர் இந்தோனேசியாவின் ஜானிஸ் சென். இவர்கள் பெயரைவிட நான் கவனிக்கச் சொல்வது, முதல் சுற்றிலேயே தோற்று மறுநாள் காலை விமானம் ஏறுகிற பெண்ணை. அவளுக்கு ஒரு புள்ளியும் அதற்கென்று நிர்ணயித்த தொகையும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் மறுக்கப்பட்டது அதுதான்.

2021-இல் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபம் அந்த ஒன்பது பேரையும் ஒரே குழுவாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் எந்தக் குழுவும் அங்கே இடம் பெற்றதில்லை. கிங், ரிச்சி, காசல்ஸ் மூவரும் தங்கள் ஆட்டத் திறமையினால் ஏற்கெனவே தனித்தனியே அங்கு இடம் பெற்றிருந்தார்கள்; ஜூலியின் தாயார் கிளாடிஸும் 1979 முதல் அங்கே இருந்தார். மற்ற ஆறு பேரின் பெயரும் அங்கே ஏறியது, ஹூஸ்டனில் ஒரு டாலரை வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்தினால். ஒரே ஒரு புள்ளி ஆடிய ஜூலியும் அவர்களில் ஒருவர்.