கியெவ் என்னும் பெயர்

வியட்நாம் தேசத்தில் எழுத்தறியாத மூதாட்டியும் அறிந்த பெண் பெயர் ஒன்று உண்டென்றால், அது கியெவ் என்பதே; ஆயினும், இத்தனை பிரசித்தி பெற்ற அப்பெயரைத் தம் மகளுக்குச் சூட்டுவதற்கு அந்நாட்டுப் பெற்றோர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தயங்கியே வந்திருக்கின்றனர். பிரியக் குறைவு அதற்குக் காரணமன்று.

1820இல் காலமான மகாகவி நுயென் யூ, ஒரு சீன நாவலின் கதையை எடுத்துக்கொண்டு, ஆறசை அடியும் எட்டசை அடியும் மாறிமாறி வரும் தம் நாட்டு யாப்பில் 3,254 அடிகளாக இயற்றிய காவியத்தின் நாயகியே துயி கியெவ். பொய்க் குற்றத்தில் அகப்பட்ட தந்தையையும் தம்பியையும் மீட்கும்பொருட்டுத் தன்னையே விற்றுக்கொண்ட அம்மங்கை, மனத்தில் வரித்த காதலனைத் துறந்து, விலைமாதர் விடுதியிலும் அடிமைத்தனத்திலும் 15 ஆண்டுகள் அலைக்கழிந்து, ஆற்றில் வீழ்ந்து, ஒரு பிக்ஷுணியின் கருணையால் உயிர்பிழைத்து, கடைசியில்தான் தன் குடும்பத்தாரைக் காண்கிறாள். சௌந்தரியமும் மேதையும் ஒருங்கே வாய்த்தவரிடம் விதி பொறாமை கொள்ளும் என்று அக்காவியம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது; அவ்விதியைத் தம் குழந்தையின் தலைமேல் ஏற்றிவைக்க எந்தத் தாய்தான் துணிவாள்? பெண்கள் கியெவின் கதையைச் சொல்லலாகாது என்றுகூட ஒரு பழமொழி வழங்கிற்று. அந்த ஜனங்களே, மனம் கலங்கும் வேளையில் அந்நூலைத் திறந்து, கண்ணில் பட்ட அடியைக் கொண்டு குறிபார்க்கின்றனர். வஞ்சகக் காதலனையும் பொறாமை கொண்ட மனைவியையும் அதில் வரும் பாத்திரங்களின் பெயராலேயே இன்றும் குறிக்கின்றனர்.

எனினும் அப்பெயர் வேறொரு வழியாக வீடுகளுக்குள் புகுந்துவிட்டது. குலப்பெயர் முதலிலும், இடைப்பெயர் நடுவிலும், அழைக்கும் பெயர் இறுதியிலும் நிற்பது அந்நாட்டு வழக்கம். அவ்விடைப்பெயரின் ஸ்தானத்தில் கியெவ் ஆன், கியெவ் துராங் என்று அது இனிது வாழ்கிறது. பழைய சீன எழுத்துமுறையில் காவிய நாயகியின் பெயருக்குரிய எழுத்து, பறவையின் எழுந்து நிற்கும் நீளிறகைக் குறிப்பது. எழில் என்று பொருள்படும் கியெவோ வேறோர் எழுத்து. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பாதிரிமார் வகுத்த ரோமானிய லிபியில் இரண்டும் ஒன்றாகிவிட்டமையால், பெற்றோர் துக்கத்தை விலக்கி எழிலை மட்டும் கொள்ள இடம் உண்டாயிற்று.

இனி உச்சரிப்பு. முதல் மெய்யில் நமக்குத் தொல்லையில்லை. மூச்சு விசைத்து வெளிப்படாத நம் ககரமே அது. அதன்பின் நா இகரத்திலிருந்து தளர்ந்து இறங்க, உடனே இதழ்கள் உகரத்துக்குக் குவிய, யாவும் இடையறாமல் ஓரசையாகவே முடிய வேண்டும். ஆனால் இப்பெயரின் ஜீவன் ஸ்வரத்தில் இருக்கிறது. குரலைத் தாழ்ந்த ஸ்தாயியில் எடுத்து, இன்னும் மெல்லத் தாழ்த்தி விடவேண்டும். அதே ஒலியை மேல்நோக்கி உயர்த்தினால் விடைபெற்றுக்கொள்ளுதல் என்றாகும். தாழ்த்தி வளைத்தால் மாதிரி என்றாகும். தொண்டையை அழுத்திச் சட்டென நிறுத்தினால் பல்லக்கு என்றாகும். ஏற்ற இறக்கமின்றிச் சமமாகச் சொன்னாலோ செருக்கு என்றாகும். தந்தைக்காகத் தன்னையே பலியிட்டவளின் பெயர், குரல் சற்றே தாழாமற்போனதால் செருக்கைக் குறிப்பது எத்தகைய அநீதி!

ஹனோய் நகரத்தார் வாயில் உயிரொலிகள் முழுமையாகக் கேட்கும். தெற்கே சைகோன் பக்கத்தில் நடுவொலி தேய்ந்து, கீவ் என்பதுபோலக் குறுகும். இரண்டும் செம்மையான வழக்குகளே. தாழும் ஸ்வரம் இரு திசையிலும் மாறுவதில்லை.

1975க்குப் பின் பெருந்திரளாக அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிய தம்மவரைத் தாய்நாட்டார் 'வியட் கியெவ்' என்பர். அச்சொல்லில் வரும் கியெவுக்குப் பழைய எழுத்து வேறாயினும், ஒலியும் ஸ்வரமும் இவையே. அந்நாடுகளின் பதிவேடுகளிலோ உயிரெழுத்தின் மேலிருந்த இரு குறிகளும் உதிர்ந்து, பெயர் நான்கு வெற்றெழுத்துகளாக நிற்கிறது. செருக்கா, பல்லக்கா, மங்கையா என்று அவற்றைப் பார்த்து அறிய வழியில்லை. அப்பெயருடையவரை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டே கற்கவேண்டியிருக்கிறது.