தங்கவயலில் இல்லறம்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டுச் செல்லும் தமிழர் பெரும்பாலும் முதலில் தனியாகவே செல்வர். வேலை நிலைத்து, ஒண்டுவதற்கு ஓர் அறை கிடைத்த பின்னரே மனைவியை அழைத்துக்கொள்வர். பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நம்மவர் பலருக்கு இது சொந்த அனுபவம். கோலார் தங்கவயலின் கதை சற்று வேறு. அங்கே சென்றோர் குடும்பமாகத் தங்கினர். தலைமுறை தலைமுறையாகப் பெருகினர். ஆயினும், அக்குடும்பங்களில் புதிதாக மணந்துகொண்ட இருவருக்குத் தமக்கென ஒரு பொழுது வாய்ப்பது எக்காலத்தும் எளிதாக இருந்ததில்லை. முன்பு அவர்களுடைய பொழுதைச் சுரங்கத்தின் சங்கு அளந்தது. இன்று மாரிகுப்பத்திலிருந்து புறப்படும் இரயில் வண்டி அளக்கிறது. இவ்விரண்டுக்கும் உட்பட்டு அங்கே இல்லறம் நடந்துவரும் முறையைச் சிறிது நோக்குவோம்.

மைசூர் சமஸ்தானத்தில் தங்கம் அகழும் உரிமையை 1875ஆம் ஆண்டில் லவெல் என்னும் ஓய்வுபெற்ற பிரித்தானியப் படைவீரர் பெற்றார். 1880இல் இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் காலூன்றியது. அதன் பிறகே சுரங்கம் சுரங்கமாயிற்று. வடார்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரளாகச் சென்றனர். அவர்களிற் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். பண்ணையில் அடங்கிக் கிடப்பதினும் பாதாளத்தில் இறங்குவது மேல் என்று துணிந்தவர்கள். 1894இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிகுப்பம் வரை இருப்புப்பாதை வந்தது. ஆம்பூரிலோ குடியாத்தத்திலோ பெண்ணெடுத்தவர்கள் சோலையார்பேட்டை வழியாக மணமகளை அழைத்துவர அதுவே வழியாயிற்று. அத்தை மகளும் மாமன் மகளும் எல்லை கடந்து வாழ்க்கைப்பட்டு வந்தனர்.

வந்த மணமகள் கண்ட முதற்காட்சி, வரிசை வரிசையான குடிசைகள். ‘லைன்’ என்றே அவற்றுக்குப் பெயர். தொடக்க காலத்தில் மூங்கில் தட்டிகளே சுவர். ஓர் அறையே வீடு. அதே அறையில் மாமனார், மாமியார், கொழுந்தன், நாத்தனார் ஆகியோரும் உண்டு. புதுமணத் தம்பதிகளுக்குத் தனிமை என்பது, மூத்தவர்கள் நாகரிகமாக வெளித்திண்ணைக்கு எழுந்து செல்லும் அளவே. தட்டிச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டார் இருமுவதும் கேட்கும். இத்தகைய நெருக்கத்தில் உரத்த சொல் பேசாமல் ஊடவும், பிறர் அறியாமல் ஊடல் தீரவும் அவர்கள் கற்றுக்கொண்டது சிறிய கல்வி அன்று.

தண்ணீருக்குப் பொதுக்குழாய். அந்நீர் பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டவள் பிறந்த ஊரிற் கண்டதும் பாலாறே. புகுந்த ஊரிற் குடித்ததும் பாலாறே. பிறந்த ஊரில் அவள் பெரும்பாலும் மணலைத்தான் கண்டிருப்பாள் என்பது வேறு செய்தி.

இனிச் சங்குக்கு வருவோம். சுரங்கம் இரவும் பகலும் நடப்பது. ஆதலின் மூன்று முறைகளாக வேலை பகுக்கப்பட்டது. 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் நிலத்தடி வேலையை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்திற்குள் வரையறுத்தது. எட்டு மணி என்றால் குறைவுதானே என்று தோன்றும். ஆனால் இரவு முறையிலிருந்து திரும்பிய கணவன் பகலில் உறங்க வேண்டும். உள்ளது ஓர் அறை. மனைவி அடுப்பு மூட்ட வேண்டும், குழந்தை அழும், வாசலில் குழாயடிச் சச்சரவு நடக்கும். அவன் உறங்கும்படி ஊரையே அடக்கிவைக்கும் பொறுப்பு அவளுடையது. முறை மாறி மாறி வருந்தோறும் சோறு வடிக்கும் நேரமும், குழந்தை தகப்பன் முகத்தைக் காணும் நேரமும் மாறின. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இருவர் வெவ்வேறு முறையில் வேலை செய்தாலோ அடுப்பு அணைவதே இல்லை.

கணவன் இறங்கிய இடம் எத்தகையது? சாம்பியன் ரீப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அது. அவ்வாழத்தில் பாறையே கொதிக்கும்; காற்றைக் குளிரச்செய்து உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. பல கோடி மணங்குப் பாறையின் பாரம் தாங்காமல், தோண்டிய இடத்துச் சுவர் சில வேளைகளில் திடீரென வெடித்துச் சிதறும். பாறை வெடிப்பு என்னும் அது, முற்காலத்தில் ‘ஏர் பிளாஸ்ட்’ எனப்பட்டது. அதன் அதிர்ச்சி மேலே வீடுகளிலும் உணரப்பட்டது. அடுக்கிய பாத்திரம் குலுங்கும். அப்போது மனைவிமார் செய்வது ஒன்றே: யார் வீட்டு ஆள் எந்தக் குழியில் எந்த முறையில் இறங்கியிருக்கிறான் என்று மனத்திற் கணக்கிட்டபடி சுரங்க வாயிலை நோக்கி ஓடுதல்.

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அக ஒழுக்கத்தை உரிமையாக்கினர். பிரிந்தவன் மீளும்வரை ஆற்றியிருத்தல் முல்லைக்கு உரியது. அங்கே கார்காலம் வந்தால் தலைவன் வருவான். தங்கவயலின் தலைவிக்கோ கார்காலம் ஒவ்வொரு நாளும் வந்தது. எட்டு மணிக்கு ஒருமுறை வந்தது. நிலத்தின் மேற்பரப்பைப் பகுத்த இலக்கணிகள் நிலத்தின் அடிவயிற்றில் பிழைப்பவனுக்கு ஒரு திணை வகுக்காமற் போனார்கள்.

விபத்துக்குத் தப்பியவனையும் பாறைத்தூள் விட்டுவைக்கவில்லை. சிலிகா கலந்த தூசு நுரையீரலிற் படிந்து மூச்சை இறுக்கும் சிலிக்கோசிஸ் நோய், பல வீடுகளில் முப்பது நாற்பது வயதுப் பெண்களைக் குடும்பத் தலைவிகளாக்கியது. தகப்பனுக்குப் பின் மகன் வேலைக்கு இறங்குவது என்னும் வழக்கத்தில் ஆறுதலும் இருந்தது, அச்சமும் இருந்தது. ஆண்குழந்தை பிறந்த வீட்டில் சர்க்கரை வழங்கும்போதே, இவனும் கூண்டிலேறி இறங்க வேண்டுமா என்னும் எண்ணம் தாய்க்கு எழாதிருக்குமா? தாலியின் கணக்கையும் இங்கே சொல்லலாம். சுரங்கத்தின் இறுதிக்காலத்தில் ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் கிடைத்த பொன், ஏறத்தாழ அரைப் பவுன். அந்த அரைப் பவுனைத் தன் மனைவியின் கழுத்துக்கு வாங்க, சுரங்கத் தொழிலாளி மற்றவரைப் போலவே இராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் விலை கேட்டு நின்றான்.

மணவினையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். வெளிமாநிலத் தமிழர் யாவருக்கும் அது பயன்படும். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த இயக்கம் வேரூன்றிய இடங்களுள் மாரிகுப்பம் முதன்மையானது. பண்டிதரின் நூல்கள் பல தங்கவயலிலிருந்து வெளிவந்தன. புரோகிதரின்றி மணம் நடத்தும் துணிவு ஆங்குப் பழமையானது. பின்னர்ச் சுயமரியாதைத் திருமணமும் பரவிற்று. தமிழ்நாட்டில் 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ நடக்கும் அத்தகைய மணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஆனால் அத்திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. கர்நாடகத்தில் நடக்கும் மணத்துக்கு அதனைத் துணைக்கழைக்க இயலாது. அங்கே 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின்படி இரு தரப்பாருள் ஒருவரது வழக்கமான சடங்கு நடந்திருக்க வேண்டும். பௌத்தரும் அச்சட்டத்துக்கு உட்பட்டவரே. பதிவுச் சான்று மட்டும் இருந்து சடங்கு நடவாதிருப்பின் அது அச்சட்டப்படி மணமாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. சடங்கு வேண்டா என்போர்க்கு 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவாளர் முன் மணந்துகொள்ளலாம். ஓய்வூதியம், இழப்பீடு, வாரிசுரிமை என்று வரும்போது மனைவியிடம் கேட்கப்படுவது சான்றுதான். சுரங்க ஊர்ப் பெண்கள் இதனை நன்கறிவர்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய அரசு. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. முதலாளி மாறிய போதெல்லாம் சங்கு மட்டும் மாறாமல் ஒலித்தது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளுடன் அதுவும் நின்றது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் அளவிற்குப் பொன் ஈந்த வயல் மூடப்பட்டது.

ஆனால் ஊர் கலையவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கிருந்தனர். எங்கே போவது? மூதாதையர் விட்டுவந்த சிற்றூரில் நிலமுமில்லை, தெரிந்த முகமுமில்லை. 1964இல் தோன்றிய மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை சிலருக்கு வேலை தந்தது. ஏனையோர் பெங்களூரை நோக்கினர். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. விடியுமுன் வண்டியேறி, இருட்டிய பின் இறங்குகின்றனர். முன்பு கணவன் இருளில் இறங்கினான், மனைவி மேலே காத்திருந்தாள். இன்று பல வீடுகளில் இருவருமே வண்டியேறுகின்றனர். ஒருவர் ஒரு பெட்டியிலும் மற்றவர் மகளிர் பெட்டியிலுமாக. குழந்தை பாட்டியிடம் வளர்கிறது.

மணமாகி ஓரிரண்டு ஆண்டில் இத்தம்பதிகள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: பெங்களூருக்கே குடிபெயர்வதா, வண்டியிலேயே காலம் கழிப்பதா? குடிபெயர்ந்தால் நாள்தோறும் நான்கு மணி நேரம் மிச்சம். ஆனால் சம்பளத்திற் பெரும்பகுதி வாடகைக்குப் போகும். குழந்தையைப் பார்க்க ஆளிராது. தங்கினால், பாட்டன் காலத்து லைன் வீடு இருக்கிறது. அது நிறுவனத்தின் கட்டடமாக எழுந்தது. குடியிருந்தோர் தம் கைப்பொருளால் அறை கூட்டி, தளம் போட்டு அதனை வீடாக்கினர். எங்கள் எண்ணத்தில், தங்குவோர் அனைவரையும் சோம்பலுடையோர் என்று பேசும் நகரத்தார் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம். நாளில் நான்கு மணி நேரத்தை விலையாகக் கொடுத்து அவர்கள் வாங்குவது, பெற்றோரின் அருகாமையையும் தமிழ் ஒலிக்கும் ஒரு தெருவையும்.

அத்தெருவிலும் தமிழ் முன்போல எழுத்தில் இல்லை. பிள்ளையை எம்மொழிப் பள்ளியில் சேர்ப்பது என்னும் கேள்வி ஐந்தாம் வயதில் வந்து நிற்கிறது. வேலை பெங்களூரில், ஆதலின் ஆங்கிலம் வேண்டும். வாழ்வது கர்நாடகத்தில்; ஆதலின் கன்னடம் வேண்டும். இரண்டையும் மறுப்பதற்கில்லை. எஞ்சிய தமிழுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே கிடைக்கிறது. அன்றுதான் இருவரும் வீட்டில் இருக்கின்றனர். சந்தைக்குச் சென்று வந்து, துணி துவைத்து, உறவினர் வீட்டு விசேடத்தை எட்டிப் பார்த்த பின், பிற்பகலில் சிலேட்டை எடுத்து வைத்து, பாட்டி உயிரெழுத்தைச் சொல்லித் தர, மகனுடன் மருமகளும் அருகில் அமர்கிறாள். அவளுக்கும் ‘ஔ’ எழுத வராது.