காலை லாரியை விரட்ட வேண்டாம்

மார்கழி விடியற்காலையில் லோடு ஏற்றிய லாரி ஒரகடம் சாலையில் முனகிக்கொண்டே ஊர்ந்தால், டிரைவர் தூங்கி வழிகிறார் என்று நம் வியாபாரிகள் கோபிக்கிறோம். பாவம், அவர் மேல் குற்றமில்லை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் சிலிண்டர் சுவரே அந்தச் சூட்டில் ஒரு பகுதியை இழுத்துக்கொள்ளும். டீசல் தாமதமாக, அரைகுறையாக எரியும். வெள்ளைப் புகை வருவதும் அதனால்தான். நம் பக்கத்துக் குளிர் 20 டிகிரிதானே என்பார்கள். எஞ்சினுக்கு வேண்டியதோ சுமார் 80 டிகிரி! எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் ஆறிய வெல்லப்பாகு போலக் கெட்டித்திருக்கும். கிடைக்கும் சக்தியில் கொஞ்சம் அதைக் கலக்கவே போய்விடும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் தயாரான லாரிகளில் டீசலை அளந்து விடுவது கம்ப்யூட்டர். எஞ்சின் ஆறியிருந்தால் அது கையை இறுக்கும்.

அவசரப்பட்டு முறுக்கினால் ஆயில் சரிவர ஏறாத டர்போ தேயும். அந்தச் செலவு லாரி வாடகையில் ஏறி, கடைசியில் நம் பருப்பு மூட்டை மேல்தான் விழும். அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் டீசலுக்குக் கேடு. ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறியதும் கிளம்பி, முதல் சில கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் போதும். லோடை முன்னிரவே ஏற்றி முடித்தால் அந்த நேரம் டிரைவருக்குக் கிடைக்கும். இருபது கிலோமீட்டர் ஓடியும் சூட்டு முள் எழாவிட்டால் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.