சிலந்திப் பெண்ணின் ஆடலரங்கு

கலப்பினால் மரபு கெடும் என்பார் உளர். அமெரிக்க முதுகுடிப் பெண்களின் ஆடலரங்கு அக்கூற்றை மறுக்கின்றது.

1924இல் வேர்ஜீனியா மாநிலம் இயற்றிய சட்டம் மக்களை வெள்ளையர், நிறத்தோர் என இரு பிரிவினராகவே பதிவு செய்வித்தது. ஆகவே றப்பகனொக் முதலிய முதுகுடியினர் பதிவேடுகளில் மறைந்தனர். அக்குடித் தாய்க்கும் பனாமா நாட்டுக் கூனாக் குடித் தந்தைக்கும் பிறந்து, நியூயோர்க் நகரின் புறூக்ளினில் வளர்ந்தவர் லிசா மேயோ, குளோரியா மிகெல், மூரியல் மிகெல் என்னும் சகோதரியர் மூவர். ஆடல் பயின்ற மூரியல், தமக்கையர் துணையுடன், 1976இல் 'ஸ்பைடர்வுமன்' அரங்கினைத் தோற்றுவித்தார். ஹோப்பி மக்களுக்கு நெசவு கற்பித்ததாகக் கூறப்படும் சிலந்திப் பெண்ணின் பெயரே அது.

ஆடல், பாடல், குடும்பக் கதை, நகைச்சுவை ஆகிய இழைகளை இவ்வரங்கு ஒருங்கே பின்னுகின்றது. கூனாப் பெண்டிர் தைக்கும் 'மோலா' என்னும் அடுக்குத் துணியில், மேற்றுணியை வெட்டிய இடத்தே அடித்துணியின் நிறம் வெளிப்படும். அவ்வாறே, ஆடும் பெண்ணின் மெய்ப்பாட்டில் தாய்வழி, தந்தைவழி, நகர வாழ்வு மூன்றும் ஒன்றையொன்று மறையாது தோன்றுகின்றன.

றப்பகனொக் குடியை அமெரிக்க மத்திய அரசு ஏற்றது 2018இலேயாம். அதற்கு நெடுங்காலம் முன்னரே அக்குடியின் புதல்வியர் மேடையில் தம்மை இன்னாரென்று அறிவித்திருந்தனர்.