ஒரே கோட்டில் மூன்று ஊர், மூன்று காலநிலை: ஏன் இப்படி?

"சென்னையில மே மாசம் நாங்க வெந்துட்டு இருக்கோம். பெங்களூருல என் ஃப்ரெண்டு ராத்திரி ஃபேன்கூடப் போடாம தூங்குறான். ஏன் இந்த ஓரவஞ்சனை?"ன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

போன்ல மேப்பைத் திறங்க. மங்களூரு, பெங்களூரு, சென்னை. மூணுமே ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில, ஒரே கோட்டுல இருக்கு. ஏப்ரல் கடைசியில மூணு ஊருக்கும் சூரியன் உச்சந்தலைக்கு நேரா வரும். அப்போ வெயில் ஒரே மாதிரி இருக்கணும்ல? இல்லையே!

முதல் காரணம், உயரம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், காற்று விரிந்து குளிரும். 1,000 மீட்டருக்குச் சராசரியா 6.5 டிகிரி குறையும். உங்க ஃப்ரெண்டோட நிம்மதியான தூக்கத்துக்கு இதுதான் காரணம்.

ரெண்டாவது, கடல். நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாத்தான் சூடாகும். அதனால மதியத்துக்கு மேல கடல்காத்து உள்ளே வந்து சென்னையைக் கொஞ்சம் ஆற வைக்கும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காத்து அதைத் தடுத்துட்டா அவ்வளவுதான், அனல் பறக்கும். 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி பதிவானது.

மூணாவது, மலை. ஜூன்ல தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தை அள்ளிக்கிட்டு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில மோதும். மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகி, அங்கேயே கொட்டித் தீர்த்துடும். மங்களூருவில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்யும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று மறுபடி சூடாகி வறண்டுவிடும். அதனால பெங்களூருக்குக் கிடைப்பது சுமார் 1,000 மில்லிமீட்டர்தான். மலைக்கு இந்தப் பக்கம் இருப்பதை மழை மறைவுப் பிரதேசம்னு சொல்றோம்.

அப்போ சென்னைக்கு? அக்டோபர்ல ஆசியப் பெருநிலம் கடலைவிட வேகமா ஆறிடும். காற்றின் திசையே மாறி, வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடா வழியா ஈரத்தோட வரும். சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் வந்துவிடும்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கு. மங்களூருவுக்குப் பின்னாடி ஒரு மலைச் சுவர் நிக்குது. காத்து வந்தா மழை நிச்சயம். சென்னைக்கு அப்படி ஒரு சுவர் கிடையாது. கடல்ல உருவாகுற காற்றழுத்தத் தாழ்வுப் பகதியும் புயலும் எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதைப் பொறுத்துத்தான் நம்ம மழை. ரெண்டு மூணு தாழ்வுப் பகுதி வராமப் போனா, அந்த வருஷமே காலி. வந்து ஒரே இடத்துல நின்னுட்டா, வெள்ளம்.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018-ல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம், புழல் உள்ளிட்ட ஏரிகள் வறண்டன, குடத்தோட லாரிக்காக ராத்திரியெல்லாம் காத்துக்கிட்டு நின்னோம். நாலே வருஷத்துல ரெண்டையும் பார்த்த ஊர் இது.

மலையை நகர்த்த முடியாது, காத்தைத் திருப்பவும் முடியாது. ஆனா மூணு மாசம் பெய்யுறதைப் பன்னிரண்டு மாசத்துக்குச் சேர்த்து வைக்க முடியும். முன்னோர் இவ்வளவு ஏரி வெட்டினது அதுக்காகத்தான். அடுத்த தடவை ஒரு ஏரியையோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையோ கடந்து போகும்போது, அதைக் காலி இடமாப் பார்க்காதீங்க. நம்மகிட்ட இல்லாத மலைக்குப் பதிலா இருக்கிறது அதுதான்.

உங்க ஊர் மழைக் கணக்கு எப்படி? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!